வாசலில் ஓர் ஆண் வரும்வரை

புதுவருடத்தன்று கோழி சாப்பிட்டால் அதிர்ஷ்டம் பின்னால் போய்விடுமாம். ஏனென்றால் கோழி மண்ணைப் பின்பக்கமாகக் கிளறும். பன்றி மூக்கால் கிண்டிக்கொண்டு முன்னால் போகிறபடியால் பன்றி சாப்பிடலாம். மீன் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் நீந்திப் போய்விடும். முயல் சாப்பிட்டால் ஓடிப் போய்விடும். இதெல்லாம் என் சம்பந்தி அம்மாவின் சட்டங்கள். ஹங்கேரியில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும். வெளிக்கிடும் நேரத்தில் யாராவது தும்மினால் திரும்பி வந்து கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஆட்களுக்குள் பிறந்தவள் நான். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் கடைக்குக் கடை கலண்டர் கொடுப்பார்கள். ஒரு கடையின் கலண்டரில் ராகுகாலம் இலங்கை நேரத்துக்கு இருக்கும், இன்னொரு கடையின் கலண்டரில் பாரிஸ் சூரியனுக்குக் கணித்தது இருக்கும். என் கணவரின் தமக்கை, என் மச்சாள், இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். இரண்டு ராகுகாலத்தையும் கழித்துவிட்டு மிஞ்சுகிற நேரத்தில்தான் அவர் வீட்டில் ஏதும் நடக்கும். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் எப்படிப் பிறந்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஹங்கேரிக்காரரின் புதுவருடச் சட்டங்களை முதலில் மகள் மூலமாகத்தான் அறிந்தேன். மகள் இங்கே பிறந்தவள். அலுவலகத்தில் கூட வேலை செய்த ஹங்கேரிப் பெடியனையே கட்டிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் அன்று பருப்புக் கட்டாயம். பருப்பு சில்லறைக் காசு மாதிரி வட்டமாக இருப்பதால் பருப்பு சாப்பிடுகிறவனுக்குப் பணம் சேருமாம். இதைக் கேட்டபோது மட்டும் எனக்குத் தாங்கவில்லை. பருப்பு சாப்பிட்டுப் பணம் சேரும் என்றால் லாச்சப்பல் தமிழர் இதற்குள் ஈஃபிள் கோபுரத்தை வாங்கி உச்சியில் ஒரு நகைக்கடையும் போட்டிருப்பார்கள். அன்று துணி தோய்க்கக் கூடாது, கூட்டக் கூடாது, துடைக்கக் கூடாது. வீட்டிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது, குப்பைகூட. போனால் அதிர்ஷ்டமும் அதோடு சேர்ந்து போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருக்கிறது. அன்று வெளியிலிருந்து வீட்டுக்கு முதலில் காலடி வைக்கும் ஆள் ஆணாக இருக்க வேண்டும். பெண் வந்தால் அந்த வருடம் நாசம்.

இந்தக் கடைசிச் சட்டத்தை மகள் சொன்னபோது மச்சாளும் பக்கத்தில் இருந்தார். வெள்ளைக்காரருக்கு இப்படியும் புத்தி இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டு, அவர்களும் எங்களைப் போலத்தான் என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சட்டம் தன்னையும் சேர்த்துத்தான் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரூ காய் தெருவில் ஒரு சேலைக்கடையின் பின்னறையில் பிளவுஸ் தைக்கிறேன். குடியிருப்பது மார்க்ஸ் டோர்மோயில். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்திலேயே கணவர் செத்துப்போனார். அதன் பிறகு எங்கள் ஆட்களின் நல்ல காரியங்களில் என் இடம் எதுவென்று எனக்குத் தெரியும். மண்டபத்தின் பின்பக்கம், மேலங்கிகள் தொங்கவிடுகிற இடத்துக்குக் கிட்ட. நான் தைத்த பிளவுஸ்கள் எல்லாம் முன்வரிசையில் இருக்கும், நான் பின்னால் நின்று முதுகுத் தையலைப் பார்ப்பேன். தையல்காரிக்கு அது ஒருவகையில் வசதிதான் என்று எனக்கு நானே பகிடி விட்டுக்கொள்வேன். அந்தப் பகிடிக்கு நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

மகளின் கலியாணத்திலும் அப்படித்தான். கலியாணத்துக்கு முன்னால் சம்பந்திக்குச் சேலை பிளவுஸ் தைக்க நான்தான் அளவு எடுத்தேன். நல்ல அகலமான தோள். கையை உயர்த்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், அளவு நாடா கூசியதாக்கும். எடுத்து முடிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் ஈரமாக முத்தம் தந்தார். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. என்னுடைய பிரெஞ்சும் விசா கொடுக்கிற பிரெபெக்துரில் வரிசையில் நின்று படித்த பிரெஞ்சு. இருந்தாலும் அன்று இருவரும் நிறையக் கதைத்தோம் என்றுதான் என் ஞாபகம்.

கலியாண மண்டபத்தில் மச்சாள்தான் அதிகாரி. மகளைத் தாரை வார்த்துக் கொடுத்ததும் மச்சாளும் அவரின் கணவரும்தான். குத்துவிளக்கு ஏற்றும் நேரம் வந்தபோது, மாப்பிள்ளையின் தாய் ஏற்றட்டும், அதுதான் மரியாதை என்றார் மச்சாள். குங்குமப்பொட்டும் பட்டுச்சேலையுமாகச் சம்பந்தி முன்னால் வந்து ஏற்றினார். சனம் கைதட்டியது. எங்கள் ஆட்கள் மாதிரியே சேலை கட்டியிருக்கிறாவே என்று ஆளுக்காள் படம் எடுத்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனைக் காணவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, விசா கிடைத்திருக்காது பாவம் என்று இன்னொருவர் பதில் சொன்னார். ஹங்கேரியிலிருந்து பாரிஸ் வர விசா தேவையில்லை. ஆனால் வாழ்நாளில் பாதியை விசாவுக்காகச் செலவழித்த ஆட்களுக்கு, ஒரு மனிதன் வராமல் இருக்க வேறு காரணம் தோன்றுவதில்லை.

அந்தத் தகப்பன் இறந்து பல வருடம் என்பது எனக்குத் தெரியும். மகள் சொல்லியிருந்தாள். நான் மேலங்கிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு விதவை விளக்கேற்றுவதையும் மச்சாள் அதற்குப் பூப்போடுவதையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அந்தக் கலியாணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

ஆனால் அன்றைக்குப் பிறகு சம்பந்தி மாறிவிட்டார். அதன் பிறகு பாரிசுக்கு வந்தபோதெல்லாம் என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார். கட்டிப்பிடிப்பது இல்லை, முத்தமும் இல்லை. நான் வடை சுட்டுக்கொண்டு போனால் நன்றி என்று சொல்லி ஓரமாக வைத்துவிடுவார். இதுதான் வெள்ளைக்காரரின் குணம், காரியம் முடியுமட்டும்தான் சிரிப்பு என்று நான் எனக்குள் தீர்மானித்தேன். மகள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து தவித்தாள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் மகளும் மருமகனும் பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் ஒரு வீடு வாங்கினார்கள். மாடிக்கட்டிடத்தில் சின்ன அப்பார்ட்மென்ட். வாடகைக்கு இருந்த வீட்டின் ஒப்பந்தம் முடிந்ததால் டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு முன்னமே அங்கே போய்ப் படுக்கத் தொடங்கிவிட்டார்கள். பால் காய்ச்சாமல் எப்படிக் குடிபுகலாம் என்று மச்சாள் குதித்தார். பிறகு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். பால் காய்ச்சும்வரை அது குடிபுகுந்ததாகக் கணக்கில்லை, வெறுமனே சாமான்களுக்குக் காவலாகப் படுத்திருக்கிறார்கள். ஜனவரி முதலாம் தேதி எல்லோருக்கும் லீவு, காலையில் நல்ல நேரமும் இருக்கிறது, அன்றைக்கே காய்ச்சலாம் என்று முடிவானது.

முதல்நாள் மகள் தொலைபேசியில் எடுத்தாள். வழக்கமாகப் பிரெஞ்சில்தான் கதைப்பாள், அன்று தமிழில் கதைத்தாள்.

"அம்மா, இந்தமுறை நீங்கள்தான் பால் காய்ச்ச வேணும். மாமி இல்லை."

மாமி என்றது என் மச்சாளை. பாப்பம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் எனக்கு ஆசையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு ஆசையாக இருந்தது. என் பிள்ளையின் வீட்டில், என் பிள்ளையின் அடுப்பில், என் கையால் ஒருமுறை. அதற்குமேல் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அன்று வைத்திருந்த துணியில் ஊசி நேராகப் போகவில்லை, தைத்ததைப் பிரித்துத் திரும்பவும் தைத்தேன்.

புதுவருடத்தன்று காலை கார்-து-நோர் ஸ்டேஷனில் ரயில் எடுத்து ஓல்னேக்குப் போனேன். ரயிலில் முந்தின இரவு கொண்டாடியவர்கள் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. மகளின் கட்டிடத்துக்குப் போய் மாடியேறினால், கதவுக்கு வெளியே மச்சாள் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பித்தளைச் செம்பு, மறுகையில் பால் வாங்கிய பை. பச்சைப் பட்டு. அந்தப் பிளவுஸும் நான் தைத்ததுதான். முகம் நெற்றிப் பொட்டை விடச் சிவந்திருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. நடுவில் சம்பந்தி நின்றார். அவருக்குப் பின்னால் என் மருமகன், நல்ல உயரமான மனிதர், அன்று தாயின் தோளுக்குப் பின்னால் எப்படியோ சின்னதாகிவிட்டிருந்தார். அதற்கும் பின்னால் மகள். நடந்தது இவ்வளவுதான்: மச்சாள் வந்து மணி அடித்திருக்கிறார், சம்பந்தி கதவைத் திறந்து, பெண் என்று கண்டதும் இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். அவர் முந்தின நாளே வந்து தங்கியிருந்தார். பழைய வருடத்தில் உள்ளே வந்தவருக்குச் சட்டம் கிடையாது.

ஆண் எங்கே என்று கேட்டால், ஆண் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். மச்சாளின் கணவர். ஓல்னேயில் புதுவருடத்தன்று கார் நிறுத்த இடம் கிடைப்பது லேசான காரியமா? கீழே அவர் சுற்றிக்கொண்டிருக்க, மேலே நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மச்சாள் தொலைபேசியில் அவரைத் திட்டத் திட்ட, அவர் ஒவ்வொரு தெருப் பெயராகச் சொல்லிக்கொண்டு தூரத் தூரப் போனார்.

நான் மச்சாளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். குளிர் படிக்கட்டு வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் நானும் மச்சாளும் ஒரு வாசலின் ஒரே பக்கத்தில் நின்றது அதுதான் முதல்தடவை. தாலியும் பொட்டும் மெட்டியும் பூவுமாக அவர், ஒன்றும் இல்லாமல் நான், இரண்டு பேரும் ஒரே அளவுக்கு ஆகாத ஆட்கள். எனக்குக் குளிரவே இல்லை.

மச்சாள் யோசனைகள் சொன்னார். மருமகன் ஒருதரம் வெளியில் வந்துவிட்டுத் திரும்ப உள்ளே போனால் ஆண் வந்த கணக்கு ஆகாதா? மகள் அதைப் பிரெஞ்சில் புருஷனுக்குச் சொல்ல, அவர் ஹங்கேரி பாஷையில் தாய்க்குச் சொன்னார். தாய் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இன்று வீட்டிலிருந்து ஒன்றும் வெளியே போகக் கூடாது, மகனும் சேர்த்தி. எதிர்வீட்டில் ஒரு கிழவர் என்ன சத்தம் என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவரை ஒருக்கால் உள்ளே வந்துபோகச் சொல்லலாமா என்று மகள் கேட்டாள். மச்சாளுக்கு அது பிடிக்கவில்லை. ஆர் எவர் என்று தெரியாத ஆளை முதல் காலடி வைக்க விடுவதா என்றார். தானே வாசலில் தடுக்கப்பட்டு நிற்கும் நேரத்திலும் இன்னொருவனைத் தடுக்க அவருக்கு ஒரு மனம் இருந்தது. எங்கள் ஆட்களைச் சும்மா சொல்லக் கூடாது.

கடைசியில் மச்சாள் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். கழுத்திலிருந்து தாலிக்கொடியை வெளியே இழுத்துக் காட்டினார்.

"நான் சுமங்கலி எண்டு சொல்லு பிள்ளை. புருஷன் உயிரோடை இருக்கிற பொம்பிளை வந்தால் வீட்டுக்கு நல்லது எண்டு சொல்லு."

மகள் சொன்னாள், மருமகன் சொன்னார். தமிழில் நெருப்பாகப் புறப்பட்டது பிரெஞ்சில் கொஞ்சம் ஆறி, ஹங்கேரி பாஷையில் ஏதோ விண்ணப்பம் மாதிரிப் போய்ச் சேர்ந்தது. சம்பந்தி தாலிக்கொடியை ஆர்வமாகப் பார்த்தார். நல்ல பாரமான தங்கம் என்று கையால் தூக்கியும் பார்த்தார். பிறகு பதில் சொன்னார். அது திரும்ப அதே வழியில் வந்தது. மகள் அதைத் தமிழில் சொல்லும்போது அவள் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"புருஷன் இருக்கிறதோ இல்லையோ அதிலை ஒண்டும் இல்லையாம் மாமி. அவவின்ரை மனுசனும் செத்துக் கனகாலமாம். பொம்பிளை எண்டால் பொம்பிளைதானாம்."

மச்சாள் செம்பைக் கீழே வைத்தார். நான் அவரைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்தேன், பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று பயம். அந்த மண்டபம், அந்தக் குத்துவிளக்கு, தான் போட்ட பூ, எடுத்த படங்கள் எல்லாம் அவர் மனதில் ஒவ்வொன்றாக வந்து போவது எனக்குத் தெரிந்தது. வீட்டு வரவேற்பறையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார். அதை எப்படிக் கழற்றுவது என்றும் யோசித்திருப்பார்.

ஒருமாதிரி அவரின் கணவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. சம்பந்தி கையைப் பிடித்து உள்ளே இழுத்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் பழச்சாராயம் ஊற்றிக் கொடுத்தார். காலை நேரம். அவர் மச்சாளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதைக்காக என்று சொல்லிக் குடித்தார். மரியாதை கூடிப்போய் இன்னொன்றும் குடித்தார். இதுவரை எங்கள் ஆட்களின் எந்த விசேஷத்திலும் அந்த மனிதரை யாரும் இவ்வளவு ஆவலாக எதிர்பார்த்ததில்லை.

அதன் பிறகு நாங்கள் உள்ளே போனோம். சமையலறை மேசையில் பருப்பு ஒரு பெரிய சட்டி நிறைய இருந்தது. குளிர்ப்பெட்டியைத் திறந்தால் பன்றிக்கால் அவித்து உறையவைத்த களி, தட்டுத் தட்டாக. பால் காய்ச்சுகிற வீட்டில் பன்றி என்று மச்சாள் முணுமுணுத்தார். ஆனால் அவருக்கு இப்போது பன்றி பெரிய பிரச்சினை அல்ல. தொலைபேசியில் திசை காட்டும் கருவியைத் திறந்து அடுப்புக்கு மேலே பிடித்தார். குளிர்ப்பெட்டி இருக்கும் பக்கம் கிழக்கு, கை கழுவும் தொட்டிப் பக்கம் தெற்கு. பால் கிழக்கே பொங்கினால் வீடு விளங்கும், தெற்கே பொங்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு மகளிடம் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"உன்ரை மனுசன்ரை தாயை அடுப்படிக்கு வரவேண்டாம் எண்டு சொல்லு. நல்ல காரியத்திலை அவ முன்னுக்கு நிக்கக் கூடாது."

மருமகன் ஏன் என்று கேட்டார். மகள் சுற்றி வளைக்கவில்லை, பிரெஞ்சில் நேராகச் சொன்னாள். மருமகன் மகளையும் மச்சாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாய்க்கு அதை மொழிபெயர்த்தார். பாவம், வேறு என்ன செய்வார். நான் சம்பந்திக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்தார். மெதுவாக என் பக்கம் விரலை நீட்டி மகனிடம் ஏதோ கேட்டார். மகன் என் மகளிடம் கேட்டார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அண்டைக்குக் கலியாணத்திலை நீங்கள் பின்னாலை நிண்டது இதாலையோ எண்டு கேக்கிறா. உங்களுக்கு அவவின்ரை மகனைப் பிடிக்கேல்லை, அதுதான் சபைக்கு வரேல்லை எண்டு அவ இவ்வளவு நாளும் நினைச்சவவாம்."

சரிதானே. பெற்ற தாய் தன் பிள்ளையின் கலியாணத்தில் மேலங்கிகளுக்குள் ஒளிந்து நின்றால், எந்த ஊர் மனுசியும் வேறு என்ன நினைப்பாள்? அவர் கட்டிப்பிடிக்காமல் விட்டது, வடையை ஓரமாக வைத்தது எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வெள்ளைக்காரரின் குணம் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். அவர் தன் மகனுக்காக மனம் நொந்துகொண்டு இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். மருமகனைக் காட்டி, நல்லவர், நல்லவர் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அந்த உயரமான பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மகள் பாலை ஒரு பாத்திரத்தில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். நேரம் போகிறது என்று மச்சாள் பின்னாலிருந்து சொன்னார்.

நான் ஒரு அடி பின்னால் போனேன். எவ்வளவு பகிடி விட்டவள் நான், கோழிக்கும் பன்றிக்கும் கலண்டருக்கும். ஆனால் பாத்திரம் கைக்குக் கிட்ட வந்ததும் பயம் வந்தது. பிள்ளை இன்னும் வயிற்றில் ஒன்றும் தங்காமல் இருக்கிறாள். முதல் வீடு. நாளைக்கு ஏதும் ஒன்று நடந்தால்? என் வாயிலிருந்து நானே எதிர்பாராமல் வந்தது, மச்சாளே காய்ச்சட்டும் என்று.

மகள் பாத்திரத்தைத் திரும்ப எடுக்கவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமி ஒருநாளும் உங்களைப் பின்னாலை போங்கோ எண்டு சொன்னதை நான் காணேல்லை அம்மா. நீங்களாத்தான் போறீங்கள்."

மச்சாள் அதை மறுத்துச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தார். ஓம், உண்மைதான், அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே போகப் பழகியவளிடம் எதற்காகச் சொல்ல வேண்டும்? எனக்குக் கோபம் வந்தது. மகளில், மச்சாளில், செத்துப்போன மனுசனில், எல்லாவற்றையும் விட என் இரண்டு கால்களில். அந்தக் கோபத்தில்தான் பாத்திரத்தை வாங்கினேன். பக்தியில் இல்லை.

அடுப்பை மூட்டினேன். மூட்டுவதென்றால் கண்ணாடிப் பலகையில் விரலால் தொடுவதுதான். மச்சாள் இதைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று அடுப்படி வாசலில் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றார். முதுகுத் தையல் நேராகத்தான் வந்திருந்தது. அவரின் கணவரும் மருமகனும் வரவேற்பறையில் சுவாமிப் படம் எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், மகளும் அங்கே விளக்குத் திரி தேடப் போனாள். அடுப்புக்கு முன்னால் நானும் சம்பந்தியும்தான்.

பால் முதலில் ஓரத்தில் நுரைத்தது. பிறகு நடுவில் எழும்பியது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பைத் தாண்டி, தாராளமாகப் பொங்கி வழிந்தது. தொட்டிப் பக்கம். தெற்கே.

இந்தத் திசைக் கதையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. புதுவீடுகளில் அடுப்புச் சரிவாக இருந்தால் பால் சரிவில்தான் போகும். ஆனால் அது என் பிள்ளையின் வீடு. சேலைத் தலைப்பைப் பிடித்துச் சுடச்சுட இருந்த பலகையைத் துடைத்தேன். விரல் பொசுங்கியது. பாத்திரத்தைச் சரித்து, இன்னும் பொங்கிக்கொண்டிருந்த மிச்சப் பாலைக் குளிர்ப்பெட்டிப் பக்கம் கொஞ்சம் வழிய விட்டேன்.

நிமிர்ந்தால் சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களின் சட்டத்தில் அன்று துடைப்பது எவ்வளவு பெரிய குற்றம்! அவர் என் தலைப்பைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், வாசலில் இருந்த முதுகைப் பார்த்தார். பிறகு தன் அகலமான உடம்போடு ஒரு அடி நகர்ந்து, எனக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"எந்தப் பக்கம் பொங்கினது?" என்று மச்சாள் திரும்பாமலே கேட்டார்.

"கிழக்காலை," என்றேன்.

மச்சாள் திரும்பினார். என்னை நம்பவில்லை. சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். மகளிடமிருந்து ஒரேயொரு தமிழ்ச்சொல் மட்டும் படித்து வைத்திருந்த அந்தக் கணக்கு ரீச்சர், பொசுங்கிய என் விரல்களைத் தன் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு, "ஓம், ஓம்" என்றார்.